மூக்கடியில் ஒரு வால்வு

குடிநீர் வாரிய அலுவலகத்தின் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிப் பேர் வீட்டில் இன்னும் குழாய் உடையவில்லை என்று அர்த்தம். புகார் அக்கா என்பார்கள். கல்யாணமாகி வந்த வருடம் தற்காலிகமாக என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், தலை நரைத்த பிறகும் எழுந்தபாடில்லை.

வேலை என்னவோ லேசானதுதான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று மக்கள் திட்டுவார்கள், இந்தப் பக்கம் உட்கார்ந்து அக்கா கேட்டுக்கொள்வார். குழாயில் தண்ணீர் வராதவர்களும் வருவார்கள், வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டவர்களும் வருவார்கள். யார் வந்தாலும் அக்கா முதலில் மூக்கால் ஆழமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார். அந்த ஒரு மூச்சிலேயே எதிரில் நிற்பவருக்குக் கோபம் பாதி வடிந்துவிடும். நம் கஷ்டம் இந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு வித்தையும் அவருக்குக் கைவந்திருந்தது. பொதுமக்கள் முன்னால் ஊழியர்கள் கொட்டாவி விடக் கூடாது என்று முன்பு இருந்த மேலதிகாரி ஒருவர் உத்தரவு போட்டிருந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் தன் வீட்டுக் குழாயின் பூர்வ சரித்திரத்தை விவரிக்கும்போது கொட்டாவி வராமல் இருக்க நாம் என்ன சிலையா? ஆகவே அக்கா வாயைத் திறக்காமல் கொட்டாவி விடப் பழகிக்கொண்டார். உதடு அசையாது, தாடை இறங்காது. உள்ளே தொண்டையின் பின்பக்கம் மட்டும் குடைபோல விரியும். இரண்டு காதிலும் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும், அதோடு முடிந்தது. கண் மட்டும் லேசாகக் கலங்கும். ஒரு குழாய்க்காக இந்த அம்மாள் கண் கலங்குகிறாரே என்று புகார்க்காரர்கள் நெகிழ்ந்துபோவார்கள்.

அக்காவின் கணவர் துறைமுகத்தில் முக்குளிப்பவர். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் பாசியையும் சிப்பியையும் சுரண்டுவது, தண்ணீருக்குள் நிற்கும் பாலத்தூண்களைப் பார்த்துச் சொல்வது, யாராவது கை தவறிப் போட்டதைத் தேடி எடுப்பது என்று அவருடைய பிழைப்பெல்லாம் தண்ணீருக்கு அடியில்தான். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு நங்கூரம் என்று பட்டம் வைத்திருந்தார்கள். நேராகக் கீழே போவார், வாயைத் திறக்க மாட்டார், இழுத்தால்தான் மேலே வருவார்.

தரையில் அவரை வைத்துக்கொண்டு அக்கா பட்ட பாடு கொஞ்சமில்லை. நிலைப்படியில் தோள் இடிக்கும், கண்ணாடி டம்ளர் கையில் தங்காது, நடக்கும்போது நாற்காலிகள் எல்லாம் வேண்டுமென்றே குறுக்கே வருவதுபோல இருக்கும். பேச்சோ, "ம்", "சரி", "வரேன்" என்கிற மூன்றோடு சரி. வெளியூரில் குடித்தனம் நடத்தும் மகள் போன் செய்தால், அப்பா மூச்சு விடுகிற சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது என்பாள். போதாக்குறைக்கு அவருடைய இடது காது சில வருடங்களாக மந்தமாகிக்கொண்டே வந்தது. அக்கா ஒன்றை இரண்டு தரம் சொல்லுவார், மூன்றாவது தரம் கத்துவார், அதற்கு ஒரு "ம்" கிடைக்கும்.

கீழே என்னதான் இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் ஆசையாகக் கேட்டிருக்கிறார். "சேறு" என்றார் மனுஷர். அதற்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டும் அந்தச் சேற்றுக்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். சேற்றைப் பார்த்து யாராவது அப்படிச் சிரிப்பார்களா? அக்காவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கையில்தான் காது டாக்டர் ஒரு நாள் நங்கூரத்தின் இடது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, போதும் என்று சொல்லிவிட்டார். இனி கப்பல் வேலை கூடாது. மழை தொடங்கும்வரை வேண்டுமானால் ஆழம் குறைந்த இடத்தில் இறங்கிக்கொள்ளலாம், அதன் பிறகு தண்ணீரையே மறந்துவிட வேண்டும். நிறுவனத்தில் அவருக்குக் கிடங்கில் ஒரு வேலை கொடுப்பதாகச் சொன்னார்கள். கயிற்றையும் பெயின்ட் டப்பாவையும் எடுத்துக் கொடுக்கிற வேலை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் முக்குளிக்கும்போது கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்ளும் தன்னுடைய கண்ணாடி மாஸ்க்கை வழக்கம்போல் ஜன்னல் விளிம்பில் காய வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா சமையலறையிலிருந்து அதைப் பார்த்தார். இந்த மனிதர் தன் ஆயுளில் பாதியை ஓரிடத்தில் கழித்திருக்கிறார், கட்டின மனைவி அந்த இடத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இனி அவருக்கே அங்கே வழியில்லை. அக்காவுக்கு மட்டும் எங்கிருந்து வரப்போகிறது?

"மழைக்கு முன்னால ஒரு தடவை நானும் வரேன்" என்றார் அக்கா.

நங்கூரம் திரும்பிப் பார்த்தார். "எங்க, தண்ணிக்கா?"

"பின்ன, கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கவா?"

அவர் மாஸ்க்கைத் திருப்பி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். மறுநாள் காலையில் டீ குடித்துக்கொண்டே, "மாஸ்க் வாங்கணும்" என்றார். அக்காவுக்கு அது சம்மதப் பத்திரம்.

அக்காவுக்கு நீச்சல் தெரியாமல் இல்லை. முழங்கால் வலிக்கென்று நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டிருந்தார். ஆனால் அது தலை நனையாத நீச்சல். கழுத்தை நீட்டி, மோவாயைத் தூக்கி, யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போகிறவர்போல மரியாதையாக நீந்துவார். முகத்தில் ஒரு சொட்டுத் தெறித்தாலும் பிடிக்காது.

துறைமுகத் தெருவில் கயிறும் ரப்பர் பூட்ஸும் மிதவைச் சட்டையும் தொங்கும் ஒரு கடை. கடைக்காரர் ஒல்லியான மனிதர், எதை எடுத்தாலும் அதுதான் உலகத்திலேயே சிறந்தது என்பார். அக்காவின் முகத்தில் மாஸ்க்குகளை ஒவ்வொன்றாக வைத்து, வாரைப் போடாமல் மூக்கால் மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்ததும் கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டால் அது பொருந்துகிற மாஸ்க். கடைசியில் இரண்டு தேறின. இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. ஒன்றில் மட்டும் மூக்குக்கு நேர் கீழே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்ட மூடி இருந்தது.

அது தண்ணீரை வெளியே தள்ளுகிற வால்வு என்றார் கடைக்காரர். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் தலையை அண்ணாந்து, மேல் விளிம்பை அழுத்தி என்றெல்லாம் சிரமப்பட வேண்டாம், இருந்த இடத்தில் இருந்தபடி மூக்கால் ஊதினால் தண்ணீர் அதன் வழியாகப் போய்விடும், வெளித்தண்ணீர் உள்ளே வராது என்று விளக்கினார்.

வால்வு என்ற சொல் காதில் விழுந்ததுமே அக்காவின் முகம் மாறிவிட்டது. இத்தனை வருடமாக அவர் கவுண்டருக்கு வந்த கண்ணீர்க் கதைகளில் எது வால்வில் போய் முடியவில்லை? தெருவில் தண்ணீர் ஆறாக ஓடினால் வால்வு. மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லையென்றால் வால்வு. வால்வை நம்பினவர்கள் நடுராத்திரியில் வாளியோடு நின்ற கதைகளைக் கேட்டுக் கேட்டே அவருக்குத் தலை நரைத்தது. அப்படிப்பட்ட சனியனைக் கொண்டுவந்து மூக்கடியில் மாட்டிக்கொள்வதா?

நங்கூரத்துக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் காரணம் வேறு. அவர் தன் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். கீழே இறங்க இறங்கக் காதை அழுத்தும், அப்போது மாஸ்க்கோடு சேர்த்து மூக்கைப் பிடித்து ஊதினால்தான் காது திறக்கும். வால்வு வைத்ததில் மூக்குப் பக்கம் கெட்டியாக இருக்கிறது, பிடி கிடைக்காது. இதையெல்லாம் அவர் வாயால் சொன்னாரா என்றால் இல்லை, மூக்கைப் பிடித்தார், வால்வைத் தட்டினார், தலையை ஆட்டினார். மிச்சத்தைக் கடைக்காரர் சொன்னார். எப்படியோ, கல்யாணமான நாள் முதல் ஒரு கடையில் கணவனும் மனைவியும் ஒரே பொருளை வேண்டாம் என்றது அன்றுதான். வால்வு இல்லாத மாஸ்க்கை வாங்கிக்கொண்டு பெருமையாக வீடு திரும்பினார்கள்.

பெருமை குளத்தில் இறங்கும்வரைதான் இருந்தது.

பயிற்சி கொடுத்தவள் குட்டையாக முடி வெட்டிய ஓர் இளம்பெண். நிறையப் பொறுமை உள்ளவள். இடுப்பளவுத் தண்ணீரில் முழங்காலிட்டு, வாயில் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு, மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட வேண்டும். பிறகு அண்ணாந்து, மேல் விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊதி அதை வெளியேற்ற வேண்டும். இது தெரியாமல் யாரையும் அவள் கடலுக்கு அழைத்துப் போகமாட்டாள்.

அக்கா தண்ணீரை விட்டார், அண்ணாந்தார். தண்ணீர் மூக்குத் துவாரத்துக்கு வந்தது. கஷ்டம் என்று ஒன்று எதிரில் வந்து நின்றதும் அக்காவின் மூக்கு, இத்தனை வருட விசுவாசத்தோடு, ஆழமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது.

இருமிக்கொண்டே எழுந்தார். கண் சிவந்து, மூக்கு எரிந்து, மண்டைக்குள் குளோரின் நெடி ஏறிவிட்டது. மறுபடி முயன்றார். அண்ணாந்தால் அழுத்த மறந்தது, அழுத்தினால் ஊத மறந்தது. இழுக்க மட்டும் ஒரு தடவைகூட மறக்கவில்லை. அடுத்த வகுப்பிலும் இதே கதைதான். அதற்கடுத்த வகுப்பில் குளத்தின் தண்ணீரில் கணிசமான பங்கு அக்காவின் வயிற்றுக்குள் போயிருந்தது.

வால்வு வைத்ததைப் போட்டுப் பாருங்கள், தலை நேராக இருந்தால் தண்ணீர் மூக்குக்கு ஏறாது என்று பயிற்சிப் பெண் சொன்னாள். அக்கா பிடி கொடுக்கவில்லை. வீட்டில் இதைச் சொல்லவும் கௌரவம் இடம் தரவில்லை. கணவர் "ம்?" என்று கேட்டால் "நல்லாப் போகுது" என்றார்.

ஆனால் மனது கேட்கவில்லை. வாரியத்தில் குழாய் பழுது பார்க்கும் ஃபிட்டர் ஒருவர் கவுண்டர் பக்கம் வந்தபோது, யாரோ ஒருத்தருக்கு என்பதுபோல, வால்வை நம்பலாமா என்று கேட்டார். ஊரிலுள்ள வால்வு எல்லாமே கெட்டதுதானே என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஃபிட்டர் சிரித்தார். "கெட்டுப்போன வால்வுக்குத்தானே உங்ககிட்ட வராங்க. ஒழுங்கா வேலை செய்யுதுன்னு சொல்ல யாராவது வரிசையில நிப்பாங்களா?"

அக்காவுக்கு மூக்குடைந்துபோனது. இத்தனை வருடத்தில் இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டே, பகல் சாப்பாட்டு நேரத்தில் தனியாகக் கடைக்குப் போய் வால்வு வைத்த மாஸ்க்கை வாங்கித் துண்டுக்குள் சுருட்டிப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். உலகத்திலேயே சிறந்தது என்றார் கடைக்காரர்.

அதைப் போட்டுக்கொண்டு குளத்தில் முழங்காலிட்டதும் விஷயம் சுளுவாக முடிந்துவிட்டது. தலை நேராக இருந்ததால் தண்ணீர் மூக்கைத் தொடவில்லை, தொடாததால் மூக்கு பதறவில்லை. புஸ் என்று ஊதினார். மோவாய்ப் பக்கம் குமிழிகள் பறந்தன, பார்வை தெளிந்தது. பயிற்சிப் பெண் தண்ணீருக்குள்ளேயே கை தட்டினாள். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை, தேவையே இல்லாமல் இன்னும் நாலைந்து தடவை தண்ணீரை விட்டு ஊதித் தள்ளினார்.

அந்தச் சந்தோஷத்தோடு ஆழமான பக்கத்துக்குக் கயிற்றைப் பிடித்து இறங்கினபோது காது வலித்தது. முதலில் அழுத்தியது, பிறகு ஆணி வைத்துத் தட்டியதுபோல இருந்தது. மூக்கைப் பிடித்து ஊதப் பார்த்தார். வால்வைச் சுற்றியிருந்த கெட்டிப் பிளாஸ்டிக்கில் விரல் வழுக்கியது. நங்கூரம் கடையில் சொல்லாமல் சொன்னது இதைத்தான். வேறு வழியில்லாமல் மேலே வந்தார். வால்வு இருந்தால் காதுக்கு ஆகவில்லை, இல்லையென்றால் மூக்குக்கு ஆகவில்லை.

"மூக்குல தண்ணி போனா இருமிட்டு விட்டுடலாம். காது போச்சுன்னா போனதுதான்க்கா" என்றாள் பயிற்சிப் பெண். வால்வு இல்லாததிலேயே இன்னும் சில மாதம் பழகினால் அடுத்த பருவத்தில் கடலுக்குப் போகலாம் என்று ஆறுதலும் சொன்னாள். இந்த வருடத்தின் கடைசிப் படகு வரும் ஞாயிற்றுக்கிழமை. அதற்கப்புறம் மழை வந்துவிடும், தண்ணீர் கலங்கிவிடும். அடுத்த பருவத்தில் அவள் இருப்பாள், கடல் இருக்கும். கூட இறங்க நங்கூரம் இருக்க மாட்டார்.

அன்று இருந்த மனக்கலக்கத்தில், ஒளித்து வைத்திருக்க வேண்டிய மாஸ்க்கை அக்கா பழக்கப்பட்ட கை போகிற போக்கில் ஜன்னல் விளிம்பில் காயப்போட்டுவிட்டார். கணவருடைய மாஸ்க்குக்குப் பக்கத்திலேயே. குட்டு வெளிப்பட்டது. நங்கூரம் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அக்கா, வருவது வரட்டும் என்று வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் அதைக் கழுவுதொட்டிக்கு எடுத்துப் போனார். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து, வால்வுக்குள் இருந்த மெல்லிய ரப்பர் இதழை மெதுவாகத் தூக்கி, அதன் அடியில் தேய்த்தார். டம்ளரைக்கூடப் பிடிக்கத் தெரியாத அந்தக் கை அதை அவ்வளவு பூப்போலத் தூக்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி கழுவினார்.

"ஒரு மணல் மாட்டினாலும் மூடாது. ஒவ்வொரு தடவையும் கழுவணும்" என்றார். அவரளவில் அது ஒரு மேடைப் பேச்சு. பிறகு, "காது?" என்று கேட்டார்.

அக்கா தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

நங்கூரத்தின் கை தன் இடது காதுக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. "காது வலிச்சா வர வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. வெங்காயத்தின் பேரில் பழியைப் போட்டு அழுதார்.

மறுநாள் மதியம் கவுண்டருக்கு ஒரு பெரியவர் வந்தார். வாராவாரம் வருகிறவர்தான். அவருடைய வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்பதை, வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து தொடங்கிச் சொல்லுவார். அக்காவுக்கு ராத்திரி தூக்கமில்லை, வெயில் வேறு. பெரியவர் கதையில் இன்னும் சுவரே எழும்பவில்லை, அதற்குள் அக்காவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. உதடு அசையவில்லை. தொண்டை உள்ளே விரிந்தது. இரண்டு காதிலும் டிக்.

அக்கா அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூக்கைப் பிடிக்கவில்லை. ஊதவில்லை. கை இரண்டும் மேஜைமேல் இருக்கின்றன. காது தானாகத் திறந்திருக்கிறது. இன்னொரு தடவை, கொட்டாவி வராமலே, வேண்டுமென்று அதைச் செய்து பார்த்தார். டிக். இன்னொரு தடவை. டிக், டிக்.

"அப்புறம்?" என்றார் பெரியவரிடம். "கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க, கேப்போம்."

இத்தனை நாளில் அந்தப் பெரியவரிடம் யாரும் இன்னும் சொல்லுங்கள் என்று கேட்டதில்லை. அவர் உள்ளம் உருகிச் சொல்லிக்கொண்டே போனார், அக்கா கண்கலங்கக் கேட்டுக்கொண்டே பழகினார். அன்று மாலையே ஃபிட்டரை அனுப்பி அவர் வீட்டுக் குழாயையும் சரிசெய்துவிட்டார். பெரியவர் பாவம், அடுத்த வாரத்திலிருந்து வர ஒரு சாக்கில்லாமல் போயிற்று.

கடைசி வகுப்பில் அக்கா வால்வு மாஸ்க்கோடு ஆழமான பக்கத்துக்குப் போனார். பயிற்சிப் பெண் வேண்டாம் என்றாள். வலித்தால் உடனே திரும்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு முழம் இறங்குவார், நிற்பார், எதிரில் பெரியவர் நின்றுகொண்டு அஸ்திவாரத்தைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொள்வார். டிக். இன்னொரு முழம். டிக். இப்படியே குளத்தின் தரையில் போய் உட்கார்ந்துவிட்டார். மூக்கைத் தொடவே இல்லை. மேலே வந்ததும், இது எல்லாருக்கும் வராதே, மாசக்கணக்காகப் பழகியும் எனக்கு வரவில்லையே, எங்கே கற்றீர்கள் என்று பயிற்சிப் பெண் விடாமல் கேட்டாள்.

அக்காவுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆபீஸ்ல பழகினது" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது தூரத்தில் மேகம் கட்டியிருந்தது, ஆனால் கடல் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. படகில் பயிற்சிப் பெண், படகோட்டி, இவர்கள் இருவர். பழைய பாலம் ஒன்றின் தூண்கள் நிற்கும் ஆழமில்லாத இடம் அது. நங்கூரம் பல வருடம் வேலை பார்த்த தூண்கள். படகிலும் மனுஷர் மாறவில்லை. முதுகிலிருந்த காற்றுச் சிலிண்டரை இருக்கையில் இடித்தார், துடுப்புக் காலணியோடு பயிற்சிப் பெண்ணின் காலை மிதித்தார். பிறகு படகின் விளிம்பில் உட்கார்ந்து பின்புறமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் போனார். சத்தமே இல்லை.

அக்கா கயிற்றைப் பிடித்து இறங்கினார். நங்கூரம் எதிரெதிராக, முகத்தைப் பார்த்தபடியே கூட இறங்கினார். ஒவ்வொரு முழத்துக்கும் நிறுத்தி, தன் காதைத் தொட்டு, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாக்கி, சரியா என்று கேட்டார். டிக், என்று அக்காவும் வட்டம் காட்டினார். அவர் நம்பவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி வட்டம். முழங்கால் மணலைத் தொட்டபோது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டிருந்தது. சேறு என்று சொல்லும்போது வருகிற அதே சிரிப்பு.

அங்கே சேறு இருந்தது உண்மைதான். ஆனால் நிலைப்படியில் இடிக்கும் ஆளை அங்கே காணவில்லை. ஒரு கையைக்கூட வீணாக அசைக்காமல், தூண்களுக்கு நடுவே, துணி விரிவதுபோல மெதுவாகத் திரும்பினார். மணிக்கட்டில் கட்டியிருந்த சின்ன இரும்புக் கம்பியால் சிலிண்டரைத் தட்டினார். டங். இங்கே பார் என்று அர்த்தம்.

பிறகு அவருடைய கைகள் பேசத் தொடங்கின. அப்படி ஒரு பேச்சை அக்கா தன் வாழ்நாளில் அவரிடம் கேட்டதில்லை. இந்தத் தூண் நான் சுரண்டியது, அந்தத் தூண் இன்னொருவன் சுரண்டியது, பார் அந்த லட்சணத்தை என்றன கைகள். ஒரு நண்டைக் காட்டி, இவன் பக்கத்து வீட்டுக்காரனை விரட்டிவிட்டு அந்தப் பொந்தில் குடியேறினவன் என்றன. தடித்த உதட்டோடு ஒரு மீன் வந்து முறைத்துப் போயிற்று. நங்கூரம் அதைச் சுட்டிக் காட்டிவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டி, வயிற்றை முன்னால் தள்ளி, மணல்மேல் இப்படியும் அப்படியும் நடந்து காட்டினார். துறைமுக மேற்பார்வையாளர்! அச்சு அசல் அவரேதான்.

அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததும் கன்னம் மேலே ஏறியது, ஏறியதும் மாஸ்க்கின் விளிம்பு விலகியது, உப்புத் தண்ணீர் கண்வரை வந்துவிட்டது. ஒரு கணம் அந்தப் பழைய மூக்கு மூச்சை இழுக்கப் பார்த்தது. அக்கா விடவில்லை. தலையை நேராக வைத்துக்கொண்டு ஊதினார். குமிழிகள் மோவாய்ப் பக்கம் ஓடின. மனுஷர் பதறிக் கையை நீட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, மேலே சொல்லுங்க என்று விரலைச் சுழற்றிக் காட்டினார்.

அவர் சொன்னார். கப்பலடியில் மாட்டிக்கொண்ட செருப்பைச் சொன்னார், மூக்குக்கண்ணாடியைத் தவறவிட்ட மாலுமியைச் சொன்னார். அக்கா சிரித்தார், தண்ணீர் வந்தது, ஊதினார், மறுபடி சிரித்தார். வால்வு இல்லாததைப் போட்டிருந்தால் ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு தடவை அண்ணாந்து, பாதிக் கதையைத் தவறவிட்டிருப்பார். இத்தனை வருடம் இவ்வளவு பேச்சையும் இங்கேயா வைத்திருந்தீர்கள் என்று நினைத்தபோது கொஞ்சம் தண்ணீர் உள்ளேயிருந்தே வந்தது. வால்வு அதையும் சேர்த்து வெளியே தள்ளியது.

படகில் ஏறி மாஸ்க்கைக் கழற்றியதும் நங்கூரம் பழைய நங்கூரமாகிவிட்டார். துண்டைத் தேடினார், அது அவர் தோளிலேயே கிடந்தது. வெகு நேரம் கழித்து, "எப்படி?" என்றார்.

"கீழ ரொம்பப் பேசுறீங்க" என்றார் அக்கா.

அவர் அசடு வழியச் சிரித்தார். கரை சேருவதற்குள் முதல் தூறல் விழுந்துவிட்டது.

அதற்கப்புறம் மழைதான். நங்கூரம் கிடங்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். அவருடைய மாஸ்க்கும் அக்காவுடைய மாஸ்க்கும் ஜன்னல் விளிம்பில் காய்ந்துபோய்க் கிடந்தன. ஒரு சாயங்காலம் அவர் சாப்பாட்டு மேஜையில், மந்தமான காதை அக்காவின் பக்கம் காட்டிக்கொண்டு, மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் வாரம் எப்படி என்று அக்கா கேட்க நினைத்தார். வழக்கம்போல இரண்டு தரம் கேட்டு, மூன்றாவது தரம் கத்தி, ஒரு "ம்" வாங்க வேண்டியதுதான். வாயைத் திறந்தவர் என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். கரண்டியை எடுத்துப் பால் பாத்திரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

டங்.

நங்கூரம் சட்டென்று திரும்பினார். அக்கா விரலைச் சுழற்றிக் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தார். பிறகு மடியிலிருந்து அவருடைய இரண்டு கைகளும் மெல்ல மேலே வந்தன. கிடங்கின் அலமாரி எவ்வளவு உயரம் என்று காட்டின, அங்கே உட்கார்ந்திருக்கும் கணக்குப் பிள்ளைக்குத் தொப்பை எவ்வளவு என்று காட்டின, அந்த மனிதர் பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து எழுந்தபோது என்ன ஆயிற்று என்றும் காட்டின.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். சிரிப்பு வந்ததும், பழக்கதோஷத்தில், மூக்கால் ஒரு தடவை பலமாக ஊதிக்கொண்டார்.